உறையில் வந்ததா, அட்டையில் வந்ததா?

அண்டாவில் இருக்கும் வெந்நீரில் ஒரு வெப்பமானியை வைத்தால் நீரின் வெப்பநிலை தெரியும். அந்த நீர் விறகடுப்பில் காய்ந்ததா, மின்சாரத்தில் காய்ந்ததா, மொட்டைமாடி வெயிலில் காய்ந்ததா என்பதை வெப்பமானி சொல்லாது. 60 டிகிரி என்றால் 60 டிகிரி, அவ்வளவுதான். நீர் அந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழியை அறிய வேண்டுமானால் காய்ச்சியவரைத்தான் கேட்க வேண்டும். அவர் சொல்வதை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி.

இணையத்தில் நமக்குப் பக்கங்களை எடுத்து வழங்கும் கணிப்பொறிகளுக்கும் இதே சங்கடம் ஒன்று உண்டு. இக்கணிப்பொறிகளைச் சேவையகங்கள் என்கிறோம். ஒரு சேவையகத்தின் கைக்கு ஒரு கோரிக்கை வந்து சேருகிறது. அது வழியில் எவரும் படிக்க முடியாதபடி காப்பாக வந்ததா, அல்லது திறந்தபடியே வந்ததா? பல சமயங்களில் சேவையகத்தால் அதைத் தானே கண்டறிய இயலாது. இடையில் நிற்கும் ஒருவர் எழுதிக் கொடுக்கும் சிறு குறிப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் குறிப்பில் பொய்யோ பொருளற்ற சொல்லோ இருந்தால் என்ன ஆகும், சேவையகம் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காண்போம்.

அட்டையும் உறையும்

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை முன்மொழிந்தார். இயற்பியல் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆய்வுக் குறிப்புகளை எளிதில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். அதிலிருந்து வளர்ந்ததே இன்று நாம் பயன்படுத்தும் உலகளாவிய வலை. இதில் நம் கணிப்பொறி கேட்பதற்கும் சேவையகம் விடை தருவதற்கும் வகுக்கப்பட்ட நெறிமுறையின் பெயர் எச்.டி.டி.பி. என்பதாகும்.

எச்.டி.டி.பி. என்பது அஞ்சலட்டை போன்றது. எழுதியது முழுவதும் வெளியே தெரியும். அட்டை கடந்து செல்லும் ஒவ்வொரு கையும் அதைப் படிக்கலாம். ஒரு சொல்லை அழித்து வேறொரு சொல்லை எழுதவும் செய்யலாம். ஆய்வுக் குறிப்புக்கு இது போதும். வங்கிக் கணக்குக்கும் கடவுச்சொல்லுக்கும் போதாது அல்லவா?

ஆகவே நெட்ஸ்கேப் என்னும் அமெரிக்க நிறுவனம், செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்பும் முறை ஒன்றை 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் வழித்தோன்றலான டி.எல்.எஸ். என்னும் முறை 1999-இல் வந்தது, அதன் 1.3 பதிப்பு 2018-இல் வெளியாயிற்று. இந்தக் காப்புடன் செல்லும் எச்.டி.டி.பி.யே எச்.டி.டி.பி.எஸ். எனப்படுகிறது. கடைசியில் உள்ள அந்த ஓர் எழுத்துதான் அஞ்சலட்டையை அரக்கு முத்திரையிட்ட உறையாக்குகிறது. வழியில் இருப்பவர் படிக்க முடியாது. மாற்றினால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலகம் கண்டது. நாம் ஒரு தளத்தில் கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும், சேவையகம் குக்கி எனப்படும் ஓர் அடையாளச் சீட்டை நமக்குத் தருகிறது. அதன்பின் ஒவ்வொரு கோரிக்கையுடனும் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். அக்காலத்தில் பல தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் உறையில் வாங்கிக்கொண்டு, சீட்டை அஞ்சலட்டையிலேயே போக விட்டன. எரிக் பட்லர் என்னும் அமெரிக்கர் ஃபயர்ஷீப் என்ற சிறு நிரலை வெளியிட்டு இதன் ஆபத்தைக் காட்டினார். காப்பற்ற பொது வைஃபை உள்ள காப்பிக் கடையில் அமர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அங்கே இருப்பவர்களின் சீட்டுகள் அகப்பட்டன. கடவுச்சொல் தெரியாமலேயே அவர்கள் கணக்கில் நுழைய முடிந்தது! அதன் பிறகுதான் பெரிய தளங்கள் அனைத்துப் பக்கங்களையும் உறைக்கு மாற்ற விரைந்தன.

வாசலில் ஒரு புராக்சி

வகுப்புக்கு வராத நண்பனுக்காக வருகைப் பதிவின்போது குரல் கொடுப்பவனைக் கல்லூரிகளில் புராக்சி என்பார்கள். ஒருவர் சார்பில் மற்றொருவர் நிற்பது என்பது இச்சொல்லின் பொருள். இணையத்திலும் புராக்சி உண்டு. ஆனால் இங்கே அது நேர்மையான வேலை. பெரிய தளங்களில் பக்கங்களை ஆக்கும் சேவையகங்கள் பல உள்ளே இருக்கும். அவற்றின் சார்பில் ஒரு கணிப்பொறி வாசலில் நின்று எல்லாக் கோரிக்கைகளையும் பெற்று, உள்ளே பகிர்ந்து அனுப்பும்.

ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவை நினைத்துக் கொள்ளுங்கள். வரும் உறைகளை எல்லாம் தபால் எழுத்தர் அங்கேயே பிரித்துவிடுகிறார். உள்ளே இருக்கும் தாளை மட்டும் உரிய அலுவலரின் மேசைக்கு அனுப்புகிறார். புராக்சி செய்வதும் இதுவே. உறையைத் திறக்கும் சாவி அதனிடம் மட்டும் இருந்தால் போதும்; நூறு சேவையகங்களிலும் வைக்க வேண்டியதில்லை. பலரும் கேட்கும் பக்கங்களின் படியைத் தன்னிடமே சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது உடனே எடுத்துக் கொடுக்கவும் அதனால் முடியும். இவ்வாறு சேமிக்கும் இடத்தைத் தேக்ககம் என்போம்.

எல்லாம் நன்மையே. ஆனால் ஒன்று தொலைந்து போகிறது. அலுவலரின் மேசையில் இருப்பது வெறும் தாள். உறையில் வந்த தாளும் அட்டையில் வந்த செய்தியும் அவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். நம் வெப்பமானியின் நிலை அவருக்கு வந்துவிடுகிறது.

முடிவில்லாச் சுற்று

இதனால் உடனே ஒரு வேடிக்கை நிகழும். "அட்டையில் வரும் எதற்கும் விடை தராதே; உறையில் போட்டு மீண்டும் அனுப்பு என்று திருப்பிவிடு" என்ற விதியைச் சேவையகத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்க. நீங்கள் உறையில்தான் அனுப்புகிறீர்கள். புராக்சி உறையைப் பிரித்து உள்ளே கொடுக்கிறது. சேவையகம் உறையைக் காணாமல், "உறையில் அனுப்பு" என்று திருப்புகிறது. உங்கள் உலாவி மறுபடியும் உறையில் அனுப்புகிறது. மறுபடியும் அதே விடை. சுமார் 20 முறை இப்படிச் சுற்றிய பிறகு உலாவி சலித்துப்போய், அளவுக்கு மீறித் திருப்பிவிடப்படுவதாகக் கூறி நின்றுவிடும்.

இதைத் தவிர்க்கவே புராக்சி ஒரு குறிப்பு எழுதுகிறது. ஒவ்வொரு கோரிக்கையின் மேற்பகுதியிலும் தலைப்புவரிகள் என்னும் சில குறிப்புகள் இருக்கும். அவற்றுடன் புராக்சி எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்ற வரியைச் சேர்த்து, அதில் "எச்.டி.டி.பி.எஸ்." என்றோ "எச்.டி.டி.பி." என்றோ எழுதுகிறது. "இது உறையில் வந்தது", "இது அட்டையில் வந்தது" என்று தபால் எழுத்தர் தாளின் ஓரத்தில் எழுதுவதற்கு ஒப்பாகும் இது. இந்த வழக்கம் முதலில் எழுதப்படாத மரபாகவே பரவிற்று. 2014-ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 7239 என்ற ஆவணம் ஃபார்வர்டட் என்ற ஒரே வரியில் இதையெல்லாம் முறைப்படுத்தியது. எனினும் பழைய வரியே இன்றும் பெருவழக்காக உள்ளது.

குறிப்பை எழுதியது யார்?

இப்போது ஒரு குறும்புக்காரர் வருகிறார். அவர் அனுப்பும் தாளின் ஓரத்தில், தபால் எழுத்தர் எழுதுவது போலவே தாமே ஒரு குறிப்பை எழுதிவிடுகிறார். தபால் எழுத்தர் அதை அடிக்காமல் அப்படியே உள்ளே அனுப்பினால், அலுவலருக்கு எது யாருடைய எழுத்து என்று தெரியுமா? தெரியாது. தலைப்புவரிகளில் கையெழுத்து வேறுபாடு இல்லை. எல்லாம் ஒரே அச்சு.

"அவர் பொய் சொன்னால் அவருக்குத்தானே நட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவருக்கு மட்டும் நட்டமானால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. பிறருக்கு எப்படித் தீங்கு வருகிறது என்பதைப் பாருங்கள்.

குறும்புக்காரர் உறையிலேயே கோரிக்கையை அனுப்புகிறார். ஆனால் குறிப்பில் "அட்டை" என்று எழுதுகிறார். சேவையகம் அதை நம்பி, "உறையில் அனுப்பு" என்ற திருப்பு விடையைத் தருகிறது. வாசலில் உள்ள தேக்ககம் அந்த விடையை, அந்தப் பக்கத்துக்குரிய விடை என்று கருதிச் சேமித்துக் கொள்கிறது. பெரும்பாலும் பக்கத்தின் முகவரியைக் கொண்டே தேக்ககம் விடைகளை அடுக்குகிறது; கேட்டவர் எழுதிய குறிப்புகளை அது கவனிப்பதில்லை. அடுத்து அதே பக்கத்தை யார் கேட்டாலும் அவர்களுக்குத் திருப்பு விடையே கிடைக்கும். அவர்கள் உறையில்தான் கேட்டிருப்பார்கள். மீண்டும் உறையில் கேட்பார்கள். மீண்டும் அதே விடை. முன்பு கண்ட முடிவில்லாச் சுற்றில் இப்போது ஊரே மாட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு பொய்க் குறிப்பால் ஒரு பக்கம் அனைவருக்கும் மூடப்பட்டுவிட்டது!

தேக்ககத்தில் இவ்வாறு நஞ்சு கலக்கும் வழிகளை ஜேம்ஸ் கெட்டில் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் 2018-ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துக் காட்டினார். அதன் பிறகே இந்தச் சிறு குறிப்புகளைப் பலரும் உற்றுப் பார்க்கத் தொடங்கினர்.

செல்லாத சொல்

பொய்க் குறிப்பை விட விசித்திரமானது செல்லாத குறிப்பு. அந்த இடத்தில் இரண்டு சொற்களுக்குத்தான் பொருள் உண்டு. வேறு ஏதேனும் எழுதப்பட்டிருந்தால்? எழுத்துப் பிழையுடன் ஒரு சொல் இருக்கலாம், இரண்டு சொற்களும் காற்புள்ளியுடன் சேர்ந்து இருக்கலாம், வெற்றிடமாக இருக்கலாம், ஒரு முழு நிரல்துண்டே கூட இருக்கலாம்.

இதற்கு உண்மையான எடுத்துக்காட்டு உண்டு. ரூபி என்னும் நிரல்மொழியில் எழுதப்படும் வலைத்தளங்களுக்கு ராக் என்ற மென்பொருள் அடித்தளமாக உள்ளது. அதனிடம் "இந்தக் கோரிக்கை எந்த நெறிமுறையில் வந்தது?" என்று கேட்டால், குறிப்பில் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்து வந்தது. கேட்ட நிரலர்களோ, விடை இரண்டு சொற்களில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணி, அதைப் பக்கத்தில் உள்ள இணைப்புகளின் முன்னால் ஒட்டி வந்தனர். குறிப்பில் ஒருவர் நிரல்துண்டை எழுதி அனுப்பினால் அந்த நிரல்துண்டு பக்கத்துக்குள்ளேயே போய்ச் சேர வழி இருந்தது. அப்பக்கம் தேக்ககத்தில் சேமிக்கப்பட்டால், அதைப் பார்ப்பவர்களின் உலாவியில் அது இயங்கும். 2018-ஆம் ஆண்டில் இக்குறை வெளியிடப்பட்டு, 2.0.6 மற்றும் 1.6.11 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது. திருத்தம் மிக எளியது: அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள், பட்டியலில் இல்லாத எதையும் ஏற்காதே.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் ஒழுங்கும் இதுவே. 0 முதல் 3 ஆம்பியர் வரை அளக்கும் அம்மீட்டரில் முள் அளவுகோலைத் தாண்டி ஓடிவிட்டால், "ஏறக்குறைய 3 ஆம்பியர்" என்று குறிப்பேட்டில் எழுதுவோமா? மின்சுற்றைத் துண்டித்து, எங்கே தவறு என்று பார்ப்போம். அளவுகோலுக்கு வெளியே உள்ள முள் ஓர் அளவீட்டைத் தருவதில்லை. கருவியிலோ சுற்றிலோ ஏதோ சரியில்லை என்ற செய்தியை மட்டுமே தருகிறது.

ஒப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். சில நிரலர்கள், வந்த சொல்லுக்குள் "எச்.டி.டி.பி.எஸ்." என்ற எழுத்துகள் எங்கேனும் இருந்தால் போதும் என்று சோதிக்கிறார்கள். "எச்.டி.டி.பி.எஸ். அல்ல" என்று எழுதினாலும் அந்தச் சோதனை தேறிவிடும்! சொல் முழுவதும் பொருந்துகிறதா என்று பார்ப்பதே சரியான முறை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சேவையகத்தின் மூன்று விதிகள்

இவ்வளவும் தெரிந்த பிறகு, பாதுகாப்பான சேவையகம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நாமே வகுத்துவிடலாம்.

முதல் விதி புராக்சிக்கு உரியது. வெளியிலிருந்து வரும் தாளில் இந்தக் குறிப்பு ஏற்கெனவே இருந்தால், யார் எழுதியது என்று ஆராயாமல் அதை அடித்துவிட வேண்டும். பிறகு, தான் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். 2005-இல் வெளியான ஜாங்கோ என்னும் புகழ்பெற்ற வலை மென்பொருளில், இந்தக் குறிப்பை நம்பும் வசதி தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. வெளியார் எழுதியதைப் புராக்சி நிச்சயமாக நீக்குகிறது என்று தெரிந்தால் மட்டுமே அதை இயக்கலாம் என்று அதன் கையேடு எச்சரிக்கிறது.

இரண்டாவது விதி, சேவையகம் தாளைக் கொண்டுவந்தவரைப் பார்க்க வேண்டும் என்பது. தனக்குத் தெரிந்த புராக்சியின் முகவரியிலிருந்து நேரடியாக வந்த குறிப்பை மட்டுமே படிக்க வேண்டும். பின்வாசல் வழியே வேறொருவர் கொண்டுவந்தால், குறிப்பில் எது எழுதியிருந்தாலும் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கக்கூடாது. தன்னிடம் வந்த இணைப்பின் தன்மையை மட்டும் கருத வேண்டும்.

மூன்றாவது விதி செல்லாத சொல்லைப் பற்றியது. நம்பிக்கைக்குரிய புராக்சியிடமிருந்தே பட்டியலில் இல்லாத சொல் வந்தால் என்ன செய்வது? "உறைதான்" என்று வைத்துக்கொள்வது பேராபத்து. அட்டையில் வந்தவருக்கும் இரகசியத்தைத் தந்துவிடுவோம். "அட்டைதான்" என்று வைத்துக்கொண்டால் இரகசியம் தப்பும். ஆனால் நாம் கண்ட முடிவில்லாச் சுற்று தொடங்கிவிடக்கூடும். ஆகவே ஊகம் எதுவும் செய்யாமல், "கோரிக்கை தவறானது" என்பதைக் குறிக்கும் 400 என்ற எண்ணுடன் மறுத்துவிடுவதே தெளிவான வழி. நடந்ததைப் பதிவேட்டில் எழுதி வைக்கவும் வேண்டும். புராக்சியின் அமைப்பில் கோளாறு இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. அந்த மறுப்பைத் தேக்ககம் சேமிக்கக்கூடாது என்ற கட்டளையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். பிழைச் செய்தியையே தேக்ககத்தில் ஏற்றி ஒரு தளத்தை முடக்க முடியும் என்பதை 2019-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள்.

ஒரு கோடு செய்த குழப்பம்

இவ்வளவு செய்த பிறகும் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி. தலைப்புவரியின் பெயரில் சொற்களுக்கு நடுவே சிறு கோடு இடுவது வழக்கம். ஆனால் பழைய மரபு ஒன்றின்படி, பல சேவையகங்கள் பெயரைத் தம் பதிவேட்டில் எழுதும்போது நடுக்கோட்டை அடிக்கோடாக மாற்றிக் கொள்கின்றன. குறும்புக்காரர் முதலிலேயே ஓர் இடத்தில் அடிக்கோடு இட்டுப் பெயரை எழுதினால் என்ன ஆகும்? புராக்சிக்கு அது வேறொரு பெயர். ஆகவே அடிக்காமல் விட்டுவிடும். சேவையகத்தின் பதிவேட்டிலோ இரண்டும் ஒரே பெயராகிவிடும். புராக்சி எழுதிய உண்மையின் மேல் குறும்புக்காரரின் பொய் ஏறி உட்கார்ந்துவிடும். பியூமா என்ற சேவையக மென்பொருளில் இருந்த இக்குறை 2024-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. புராக்சியாகப் பெரிதும் பயன்படும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், அடிக்கோடு உள்ள பெயர்களைத் தானாகவே தள்ளிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சட்டம் இயற்றினால் மட்டும் போதாது. சட்டத்தைப் படிக்கும் இருவரும் எழுத்துகளை ஒரே வகையில் படிக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்!

செய்து பாருங்கள்

இதைப் புரிந்துகொள்ளக் கணிப்பொறி தேவையில்லை. நான்கு நண்பர்களும் சில தாள்களும் ஒரு பழைய உறையும் போதும். ஒருவர் கோரிக்கை அனுப்புபவர், ஒருவர் தேக்ககம், ஒருவர் புராக்சி, ஒருவர் சேவையகம். சேவையகமாக இருப்பவர் முதுகைத் திருப்பிக்கொண்டு அமரட்டும். அனுப்புபவர் சில கேள்விகளை உறையிலிட்டும், சிலவற்றைத் திறந்த தாளாகவும் கொடுக்கட்டும். புராக்சி உறையைப் பிரித்து, குறிப்பெழுதித் தாளை மட்டும் நீட்டட்டும். தேக்ககம், வந்த விடைகளைக் கேள்விவாரியாக எழுதி வைத்துக்கொண்டு, அதே கேள்வி மறுபடி வந்தால் தானே விடை சொல்லட்டும்.

முதல் ஆட்டத்தில் புராக்சி எதையும் அடிக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டு, அனுப்புபவர் விருப்பம்போல் பொய்க் குறிப்பு எழுதட்டும். எத்தனை சுற்றுக்குள் ஆட்டம் குழம்புகிறது என்று எண்ணுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் மூன்று விதிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பிறகு மூன்றாவது விதியை மட்டும் நீக்கிவிட்டு, அனுப்புபவரையும் புராக்சியையும் ஓர் அணியாக்கி, புராக்சியைச் செல்லாத சொற்களை எழுதச் சொல்லுங்கள். சேவையகமாக அமர்ந்திருக்கும் நண்பர் எந்தப் பக்கம் ஊகித்தாலும் அவரை மாட்டிவைக்க ஒரு வழி உண்டு. அது எது என்று கண்டுபிடிக்க முயலுங்கள்.